வெறும் வயிற்றில்

ஐந்தே முக்காலுக்கு ஓட்டேரி
இன்னும் கதவு திறக்கவில்லை.
பால் பாக்கெட் பையனும் நானும்தான்
குடியிருப்புப் படிக்கட்டுகளை எழுப்புகிறோம்.
அவன் வைத்துவிட்டுப் போகிறான்,
நான் எடுத்துக்கொண்டு போகிறேன்.

"ராத்திரி பத்துக்கு மேல ஒண்ணும் சாப்பிடலையே?"
இதுதான் எல்லா வீட்டிலும்
என் காலை வணக்கம்.

மேல்கையில் ரப்பர் பட்டை. கையை மூடுங்க.
முழங்கை மடிப்பில் விரல் வைத்துத் தேடுகிறேன்.
கண்ணால் தேடுகிறவர்கள்
வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆனவர்கள்.
அழுத்தினால் அமுங்கி
விட்டால் எழும்புவது சிரை.
துடித்தால் தமனி, விரலை எடு.
இரண்டுக்கும் நடுவில் மெல்லிய படலம் ஒன்று
ஒண்டுக்குடித்தனத்துப் பலகைத் தடுப்பு மாதிரி.
அந்தப் பக்கத்துச் சத்தம் இங்கே கேட்கும்.
இந்தப் பக்கத்து ஊசி அங்கே போகக் கூடாது.

பாடப் படத்தில் எல்லோருக்கும் ஒரே கை.
புளியந்தோப்பில் அப்படி இல்லை.
மூட்டை தூக்கும் கஜபதிக்கு
கயிறு கயிறாய்ப் புடைத்திருக்கும்,
ஊசியைப் பார்த்ததும் அவர்தான் சாய்வார்.
படுக்கவைத்துத்தான் எடுப்பேன்.
இதயம் சட்டென்று வேகம் குறைக்கிறது,
குழாய்கள் தளர்கின்றன,
மூளைக்கு ஒரு கணம் ரத்தம் எட்டவில்லை,
வீரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை அண்ணா என்பேன்.
"வெளிய சொல்லிடாதம்மா" என்பார்.

ஜமாலியாவில் ஷம்ஷாத் அக்கா.
ஆறு சுற்று கீமோவில்
இறுகிப்போன சிரைகள்.
வெந்நீர் டம்ளரைப் பிடிக்கச் சொன்னேன்.
முதல் குத்தில் நழுவியது.
இரண்டாவதில் ஒளிந்தது.
எனக்கு வியர்த்தது.
"அது பயந்துடுச்சு. கொஞ்ச நேரம் பேசிட்டு எடு" என்றார்.
தண்ணி லாரி வராததைப் பற்றிப் பேசினோம்,
மாடி வீட்டுக்காரன் மோட்டாரைப் பற்றி,
அவன் மோட்டாரின் குதிரைசக்தியைப் பற்றி.
சிரித்துக்கொண்டிருந்தபோது
ஊசியின் அடியில்
ஒரு சிவப்புப் புள்ளி ஏறியது.

ஊதா மூடி, மஞ்சள் மூடி, சாம்பல் மூடி.
சாம்பலில் மட்டும் ஃப்ளோரைடு உப்பு இருக்கும்.
இல்லாவிட்டால்
குழாய்க்குள்ளும் சிவப்பணுக்கள்
சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும்.
உடம்பை விட்டு வந்துவிட்டது
அவற்றுக்குத் தெரியாது.
உட்கருவைத் தொலைத்தவை,
நூற்றிருபது நாள் ஆயுள்,
பசியை மட்டும் தொலைக்கவில்லை.

பெஞ்சமின் சார் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர்.
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
வலது கையை நீட்டுவார்,
இடது கை சட்டைக்குள்ளேயே.
இன்று என்னவோ, தானாகவே
பொத்தானைக் கழற்றி மடித்துவிட்டார்.
"தொட்டுப் பாரு. அழுத்தாத."

விரல் நுனியில்
பேசின் பிரிட்ஜ் தாண்டும் மின்சார ரயிலின்
கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது.
தமனியைக் கொண்டுபோய்ச் சிரையோடு தைத்திருக்கிறார்கள்.
பலகைத் தடுப்பு ஏதும் இல்லாத வீடு.
"இது நின்னா உடனே ஓடி வரணும்னாங்க.
தூங்கறதுக்கு முன்னாடி காதுல வெச்சுக் கேப்பேன்.
நான் பத்த வெச்ச பெட்டியெல்லாம்
இப்ப எந்த ஊர்ல ஓடுதோ.
இது ஒண்ணு வீட்டுக்குள்ள ஓடுது."
வலது கையில் எடுத்தேன்.
பஞ்சை அவரே அழுத்திக்கொண்டார்.

ஒன்பதரை. பெரம்பூர் மேம்பாலத்து நிழல்.
ஐஸ் பெட்டி என் காலுக்கிடையில்
பதினோரு பேரின் காலையைச் சுமந்திருக்கிறது.
நேற்றிரவு எட்டு மணிக்கு இரண்டு தோசை,
அதன் பிறகு நானும் ஒன்றும் சாப்பிடவில்லை.
விரல்கள் லேசாக நடுங்குகின்றன.
கல்லீரல் தன் சேமிப்பை உடைத்து
சில்லறையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும்.
தெரிவதால் நடுக்கம் நிற்பதில்லை.
டீ சொன்னேன். வருவதற்குள் போன்.

"மேடம், கொளத்தூர்லேருந்து.
அரை டம்ளர் காபி குடிச்சிட்டேன்.
சர்க்கரை போடல. பரவாயில்லையா?"

பால் போட்டீங்களா?

"பால் இல்லாம எப்படிங்க காபி?"

நாளைக்கு வரேன் சார்.
ராத்திரி பத்துக்கு மேல
ஒண்ணும் சாப்பிடாதீங்க.